லோகமான்யரும் தண்டனைச் சட்டமும்

ஒரு செயலைக் குற்றமென்று ஏட்டில் எழுதிவிடுவது சர்க்காருக்கு மிகவும் சுலபமான காரியம். சட்டசபையில் ஒரு பகற்பொழுது போதும். நேற்று வரையில் எவனும் அச்சமின்றிச் செய்துவந்த ஒன்றை இன்று செய்பவன் குற்றவாளியாகி விடுகிறான். போலீஸும் கோர்ட்டும் சிறைச்சாலையும் அவனைத் தேடிப் புறப்பட்டு விடுகின்றன. இவ்வளவு சுலபமாகக் கைகூடுவதனாலேயே, ஜனங்கள் கண்ணுங் கருத்துமாய்க் காவல் செய்யவேண்டிய அதிகாரம் இதைப் போல் வேறொன்றில்லை என்பது நமது கருத்து.

இதனை விளங்கவைப்பதற்கு லோகமான்ய பால கங்காதர திலகரின் வாழ்க்கையைக் காட்டிலும் பொருத்தமான சரித்திரம் நம் நாட்டில் இல்லை. அவருடைய சிறைவாசத்தைப் போற்றாத தேசபக்தர் இல்லை. ஆனால் அவரைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. வீரரைப் போற்றிவிட்டு, அவர் எதனுடன் போராடினார் என்பதை மறந்துவிடுவது அரைகுறையான பக்தியாகும். ஆகவே அவர் சரித்திரத்தை இன்று தண்டனைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்க்கப் புகுகிறோம்.

திலகர் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி கொங்கணத்தைச் சேர்ந்த ரத்னகிரியில் பிறந்தார். தந்தையார் கங்காதர பந்த் பள்ளிக்கூட உபாத்தியாயர், ஸம்ஸ்கிருதத்தில் வல்லவர். மகன் பூனா டெக்கான் கலாசாலையில் கணிதத்தைச் சிறப்பாகக் கற்று 1877-ல் பி.ஏ. பட்டம் பெற்றார், 1879-ல் சட்டப் பரீட்சையிலும் தேறினார். அக்காலத்தில் சட்டம் படித்தவர்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. ஒன்று சர்க்கார் உத்தியோகம். மற்றொன்று வக்கீல் தொழில். திலகர் இரண்டையும் வேண்டாமென்று தள்ளி, 1880-ல் விஷ்ணு சாஸ்திரி சிப்ளூன்கர், அகர்க்கர் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து பூனாவில் ஒரு பள்ளிக்கூடத்தை ஸ்தாபித்தார். அடுத்த வருஷம் மராத்தியில் கேஸரியும் ஆங்கிலத்தில் மராட்டாவும் வெளிவந்தன. எனினும் அவர் கற்ற சட்டம் வீண்போகவில்லை. பிற்காலத்தில் ஜீவனத்தின் பொருட்டுச் சட்ட வகுப்புகள் நடத்திப் பல மாணவர்களுக்குப் போதித்தார். தம்மைச் சிக்கவைத்த பிரிவுகளை அரசாங்க வக்கீல்களுக்குச் சமமாக அறிந்திருந்தவர் அவர்.

அவருடைய முதல் சிறைவாசம் 1882-ல் நேர்ந்தது. கோலாப்பூர் மகாராஜாவை அந்த சமஸ்தானத்தின் திவான் கொடுமைப்படுத்துகிறார் என்று சில கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு கேஸரியும் மராட்டாவும் எழுதின. திவான் அவதூறு வழக்குத் தொடுத்தார். கடிதங்கள் போலியானவை என்று வெளிப்பட்டது. திலகரும் அகர்க்கரும் மன்னிப்புக் கேட்டனர். ஆயினும் நான்கு மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. பம்பாய் டோங்கிரி சிறையில் 101 நாட்கள் இருந்து விடுதலையானார்கள். இந்த வழக்கைப் பற்றி நாம் அதிகம் புலம்புவதற்கு இடமில்லை. இன்ன மனிதருக்கு, இன்ன சொல்லால், இன்ன கேடு விளைந்தது என்று இதில் திட்டமாகக் காட்டப்பட்டது. சொன்னது மெய்யா பொய்யா என்று ஆராய வழி இருந்தது. தண்டனை கடுமையென்று சொல்லலாம். குற்றம் இன்னதென்று புரியவில்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது சந்தர்ப்பம் 1891-ல் வந்தது. இதில் திலகர் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. ஒரு புதிய குற்றத்தை உண்டாக்கலாகாதென்று வாதாடுகிறவராக நின்றார். 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின்படி, பத்து வயது நிறையாத மனைவியைக் கணவன் சேர்வது பலாத்காரக் குற்றம். பத்து நிறைந்துவிட்டால் அக்குற்றம் இல்லை. 1890-ல் கல்கத்தாவில் பூல்மணி என்னும் பதினொரு வயதளவான சிறுமி தன் கணவனின் செய்கையால் உயிரிழந்தாள். அவள் பத்து வயதைத் தாண்டிவிட்டபடியால் பலாத்காரக் குற்றம் சாட்ட முடியவில்லை. சிறியதொரு குற்றத்தின் கீழ் அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் மாத்திரமே விதிக்கப்பட்டது. நாடெங்கும் இதைப் பற்றிப் பேச்செழுந்தது. பம்பாயில் மலபாரி என்னும் பார்ஸி கனவான் சில வருஷங்களாகவே செய்துவந்த கிளர்ச்சிக்கும் இதனால் வலிமை ஏற்பட்டது. 1891 மார்ச்சு மாதம் 19-ஆம் தேதி வைசிராய் சபையில் சம்மத வயது மசோதா நிறைவேறி, பத்து என்பது பன்னிரண்டாயிற்று.

திலகர் இதனைப் பலமாக எதிர்த்தார். பால்ய விவாகம் நல்லதென்று அவர் சொல்லவில்லை. சீர்திருத்தம் வேண்டுவோர் முதலில் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக் கொள்ளட்டும். பெண்ணுக்குப் பதினாறும் ஆணுக்கு இருபதும் ஆவதற்கு முன் விவாகம் செய்வதில்லை என்று உறுதி எடுத்துக் கொள்ளட்டும் என்று அவரே யோசனை கூறினார். அந்நிய சர்க்கார் பீனல் கோடைக் கையிலேந்தி நம் வீட்டிற்குள் நுழையலாகாது என்பதே அவர் வாதம். சாஸ்திர ஆதாரங்களைக் கொண்டு மசோதாவை ஆதரித்த பண்டிதர் பண்டார்க்கருடன் அவர் நீண்ட விவாதம் நடத்தினார்.

இந்த விஷயத்தில் திலகரின் பக்கம் நாம் நிற்க முடியாது. அந்நியன் கையில் சட்டம் போடும் அதிகாரத்தை மேலும் மேலும் ஒப்படைக்கலாகாது என்ற அவரது அச்சம் நியாயமான அச்சமே. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தியற்ற ஒரு குழந்தையின் உயிர், சமூகம் தானாகத் திருந்தும் நாள் வரையில் காத்திருக்க இயலாது. சட்டம் தடுத்த செயல் இன்னதென்பதில் மயக்கமில்லை. அதனால் யாருக்குக் கேடு என்பதிலும் மயக்கமில்லை. குற்றவியல் சட்டம் இருக்கவேண்டிய இடம் அதுவேயாகும். பின்னர் 1929-ல் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த மசோதா சட்டமாகிப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று விவாக வயதையே நிர்ணயித்தபோது, அதைக் கொண்டுவந்தவர் இந்தியப் பிரதிநிதி. திலகர் விரும்பியபடி சீர்திருத்தம் நம்மவர் வாயிலாகவே வந்தது. ஆனால் அப்போதும் அது சட்டத்தின் உருவிலேயே வந்தது. பெரியோரைப் போற்றுவதென்றால் அவர் பிழைபட்ட இடத்தையும் சரியென்று சாதிப்பதென்று பொருளாகாது.

இதே சம்மத வயது விவகாரத்திலிருந்தே, திலகரின் வாழ்க்கையைப் பிற்பாடு சுற்றி வளைத்த மற்றொரு பிரிவு முதன்முதலாக உயிர்பெற்றது. கல்கத்தாவில் வங்கவாசி என்னும் பத்திரிகை இச்சட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. உடனே அப்பத்திரிகையின் அதிபர் முதலானோர் மீது தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவின்படி வழக்குத் தொடரப்பட்டது. அந்தப் பிரிவில் நடந்த முதல் வழக்கு அதுதான். ஜூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, பிரதிவாதிகள் வருத்தம் தெரிவித்தனர், வழக்குக் கைவிடப்பட்டது. ஒரு சட்டத்தைக் குறை கூறியவர்கள் மீது மற்றொரு சட்டம் ஏவப்பட்டது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதற் சட்டம் நல்லது என்பதனால் இரண்டாவது பிரயோகம் நல்லதாகி விடாது.

124-ஏ பிரிவின் பிறப்பைச் சிறிது கூறுவோம். மெக்காலே 1837-ல் தயாரித்த நகலில் இதற்கு ஒரு விதி இருந்தது. 1860-ல் சட்டம் நிறைவேறியபோது அது காணப்படவில்லை. தவறுதலாக விட்டுப் போயிற்று என்று காரணம் கூறி, ஸர் ஜேம்ஸ் ஸ்டீபன் 1870-ல் அதைச் சேர்த்தார். சட்டப்படி ஏற்பட்ட சர்க்காரின் மேல் ஜனங்களுக்கு டிஸ்அபெக்‌ஷன் உண்டாகும்படி பேசினாலும் எழுதினாலும் ஆயுள் வரையில் தீவாந்தர சிட்சை விதிக்கலாம் என்பது அதன் சாரம். திருட்டென்றால் திருடிய பொருள் இருக்க வேண்டும். கொலையென்றால் பிரேதம் இருக்க வேண்டும். இக்குற்றத்திற்கோ பிறர் மனத்தில் எழுந்த, அல்லது எழக்கூடிய ஓர் உணர்ச்சியே போதும். அந்த உணர்ச்சிக்கு எல்லை எதுவென்று ஏட்டில் எழுதப்படவில்லை. அதனை நிர்ணயிக்கும் பொறுப்பு ஜட்ஜின் நாவிற்கு விடப்பட்டது.

1897-ல் பூனாவைப் பிளேக் நோய் பிடித்தது. அதற்கு முன்னரே பஞ்சம் நாட்டை வாட்டிக் கொண்டிருந்தது. சர்க்கார் அவ்வருஷம் பிப்ரவரியில் கொள்ளை நோய்ச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நோய்த் தடுப்புக்காக எந்த உத்தரவையும் பிறப்பிக்கலாம்; அதை மீறுவது குற்றம் என்பதே அச்சட்டத்தின் முழுப் பொருளும். சில பிரிவுகளே கொண்ட அச்சிறு சட்டம் எவ்வளவு நீண்ட ஆயுள் பெற்றதென்றால், 2020-ல் கொரோனா நோய் பரவியபோதும் இந்திய சர்க்கார் அதனையே எடுத்துப் பிரயோகித்தது. பூனாவில் ராண்ட் என்னும் சிவில் உத்தியோகஸ்தர் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். பூஜை அறையென்றும் பெண்கள் இருக்குமிடமென்றும் பாராமல் அவர்கள் நடந்துகொண்டதாக ஜனங்கள் கொதித்தனர். தலைவர்களில் பலர் நகரைவிட்டு வெளியேறிய சமயத்தில் திலகர் அங்கேயே தங்கி, ஹிந்துக்களுக்கென ஒரு வைத்தியசாலை ஏற்படுத்தி உழைத்தார். நோய்த் தடுப்பு அவசியமென்பதை அவர் மறுக்கவில்லை. அது நடத்தப்பட்ட விதத்தையே கேஸரியில் கண்டித்தார்.

ஜூன் மாதம் 22-ஆம் தேதி இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்புகையில் ராண்டும் அயர்ஸ்ட் என்னும் ராணுவ உத்தியோகஸ்தரும் சுடப்பட்டனர். இருவரும் மாண்டனர். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள். கொலைக்கும் திலகருக்கும் சம்பந்தம் உண்டென்று காட்ட எவ்விதச் சாட்சியமும் வரவில்லை. ஆயினும் ஜூலை 27-ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார். ஜூன் 15-ஆம் தேதிக் கேஸரியில், சிவாஜி மகாராஜாவின் வாய்மொழியாக நாட்டின் நிலைக்கு இரங்கும் ஒரு பாட்டும், அப்ஜல்கான் வதத்தைப் பற்றிய பிரசங்கச் சுருக்கமும் வந்திருந்தன. அவையே குற்றமெனப்பட்டன. கீழ்க்கோர்ட்டில் மறுக்கப்பட்ட ஜாமீனை ஹைக்கோர்ட்டில் நீதிபதி பத்ருதீன் தயாப்ஜி கொடுத்தார். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தவர் அவர். அன்று திலகருக்காக ஜாமீன் கேட்டு வாதாடிய பாரிஸ்டர் தின்ஷா தாவர். இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

விசாரணை நீதிபதி ஸ்ட்ராச்சியின் முன் நடந்தது. ஜூரிமார் ஒன்பது பேர். அறுவர் ஐரோப்பியர், மூவர் இந்தியர். அபெக்‌ஷன் என்றால் அன்பு. ஆகையால் டிஸ்அபெக்‌ஷன் என்றால் அன்பின்மையே என்று நீதிபதி ஜூரிமாருக்கு விளக்கம் தந்தார். கலகம் விளைந்ததா, விளையக் கூடியதா என்று பார்க்கத் தேவையில்லை என்றும் சொன்னார். ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். சர்க்காரை எதிர்த்து ஆயுதமெடுத்தவன் ஒருபுறமிருக்க, அதனிடம் பிரியம் வைக்காதவனை உண்டாக்குகிறவனும் குற்றவாளி! கட்டாயத்தினால் வரியை வாங்கலாம், வணக்கத்தையும் வாங்கலாம். அன்பைக் கட்டாயத்தினால் வாங்கிய அரசன் உலகில் உண்டோ? அறுவர் குற்றவாளியென்றும் மூவர் அல்லவென்றும் கூறினர். செப்டம்பர் 14-ஆம் தேதி பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்டுத் தப்பலாமென்று நண்பர் சிலர் யோசனை சொல்லியும் திலகர் இணங்கவில்லை. லண்டன் பிரிவி கவுன்ஸிலில் அவருக்காக அஸ்குவித் வாதாடியும் அப்பீலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாக்ஸ் முல்லர் முதலிய அறிஞர்கள் செய்த விண்ணப்பத்தின் பேரில் 1898 செப்டம்பரில், தண்டனைக் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பாக விடுதலையானார்.

அதே வருஷம் அதே ஹைக்கோர்ட்டில், சாத்தாராப் பத்திரிகை ஒன்றின் வழக்கில், ஸ்ட்ராச்சியின் வியாக்கியானத்தை மற்ற நீதிபதிகள் அப்படியே ஏற்கவில்லை. வெறும் அன்பின்மை குற்றமாகாது, அதிகாரத்திற்கு அடங்க மறுக்கும் வெளிப்படையான வெறுப்பே குற்றமென்று மகாதேவ கோவிந்த ரானடே கருதினார். சமூக விஷயங்களில் திலகருடன் ஓயாது மாறுபட்டவர் ரானடே. சட்டத்தின் சொல்லுக்கு வரம்பு கட்டவேண்டுமென்ற இடத்தில் அவர் தீர்ப்பு திலகருக்கு நியாயம் செய்தது. ஆனால் சர்க்கார் என்ன செய்தது? வரம்பைச் சுருக்குவதற்கு மாறாக, 1898-ல் சட்டத்தையே திருத்தி விரித்தது. வெறுப்பு, அவமதிப்பு என்னும் சொற்கள் சேர்க்கப்பட்டன; ராஜவிசுவாசமின்மையும் பகையுணர்ச்சிகள் யாவும் டிஸ்அபெக்‌ஷனில் அடங்குமென்று வியாக்கியானம் எழுதப்பட்டது. வகுப்புகளுக்குள் பகைமூட்டுவதைக் குற்றமாக்கும் 153-ஏ பிரிவு புதிதாகப் பிறந்தது. குற்றம் எதுவும் ருசுவாகாமலே ஒருவரிடம் நன்னடத்தைக்கு ஜாமீன் வாங்க இடந்தரும் 108-ஆம் பிரிவு அவ்வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் வைக்கப்பட்டது. இம்மூன்று வலைகளிலும் பிற்காலத்தில் திலகரே சிக்கவைக்கப்பட்டார்.

வங்காளப் பிரிவினைக்குப் பின் நாடு விழித்தது. சுதேசியம், அந்நிய வஸ்து பகிஷ்காரம், தேசியக் கல்வி, ஸ்வராஜ்யம் என்னும் நான்கையும் திலகர் ஊரூராய்ப் போதித்தார். 1907-ல் சூரத் காங்கிரஸ் பிளவுண்டது. திலகரின் கட்சியைத் தென்னாட்டில் நிலைநிறுத்தியவர் கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1908 மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தீவாந்தர சிட்சையும் சிவாவுக்குப் பத்து வருஷமும் விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்த பிறகும் பிள்ளை 1912 இறுதி வரையில் சிறையில் வதைபட்டார். கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் அவர் பட்ட பாட்டைத் தமிழர் அறிவர். அவரைச் சிறைக்கு அனுப்பியதும் இதே 124-ஏ பிரிவுதான்.

அதே 1908-ல் ஏப்ரல் 30-ஆம் தேதி முஜாபர்பூரில் வெடிகுண்டு வீசப்பட்டு, குற்றமறியாத இரு ஆங்கிலப் பெண்கள் மாண்டனர். ஜூன் 8-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று வெடிமருந்துச் சட்டம். மற்றொன்று அச்சுக்கூடங்களைப் பறிமுதல் செய்ய வழிசெய்யும் பத்திரிகைச் சட்டம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. குண்டு செய்வது இன்ன செயலென்று எவருக்கும் தெரியும். அதைத் தடுப்பது எந்த சர்க்காருக்கும் கடமை. எழுத்து எப்போது தூண்டுதலாகிறது என்பதோ கலெக்டர் மனத்தைப் பொறுத்ததாயிற்று. திலகர் குண்டுவீச்சுக்காக வருந்தியதோடு, அடக்குமுறைச் சட்டங்கள் நோயைத் தீர்க்கும் மருந்தல்ல என்றும், ஜனங்களுக்கு உரிமை அளிப்பதே நிலையான பரிகாரமென்றும் மே 12, ஜூன் 9 தேதிகளில் வந்த கட்டுரைகளில் எழுதினார். ஜூன் 24-ஆம் தேதி கைது செய்யப்பட்டார்.

இம்முறை நீதிபதி ஆசனத்தில் வீற்றிருந்தவர் யார்? பதினோரு வருஷங்களுக்கு முன் அவருக்கு ஜாமீன் வேண்டி நின்ற அதே தாவர். ஜாமீன் கேட்டு வந்த பாரிஸ்டர் முகமது அலி ஜின்னாவின் மனுவை அவர் தள்ளினார். ஜூரிமார் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்ஸியர். கட்டுரைகள் மராத்தியில் எழுதப்பட்டவை. ஜூரிமார் கையிலிருந்ததோ ஆங்கில மொழிபெயர்ப்பு. திலகர் தாமே எழுந்து வாதாடினார். பல நாட்களில் மொத்தம் இருபத்தொரு மணி நேரத்திற்கு மேல் பேசினார். மொழிபெயர்ப்பில் சொற்களின் பொருள் மாறியிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இங்கிலாந்தில் இதே எழுத்துக்கு என்ன நேரிடும் என்று அந்நாட்டு வழக்குகளைக் கொண்டே கேட்டார். ஜூலை 22-ஆம் தேதி இரவு எழுவர் குற்றவாளி என்றனர், இருவர் அல்லவென்றனர். ஆறு வருஷம் தீவாந்தரமும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மறுநாள் அவருடைய ஐம்பத்திரண்டு வயது நிறைந்தது. 1897-ல் அவருக்காக வாதாடிய அஸ்குவித் அப்போது பிரிட்டிஷ் பிரதம மந்திரி.

பம்பாய் ஆலைத் தொழிலாளர் இதற்குத் தம் பாணியில் பதிலளித்தனர். ஒரு வருஷத்திற்கு ஒரு நாள் என்று ஆறு நாட்கள் ஆலைகளை நிறுத்தினர். பட்டாளம் வந்தது, துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, பலர் மாண்டனர். அன்பின்மை குற்றமென்று விதித்த சட்டம், இருந்த அன்பையும் அந்த ஆறு நாட்களில் அழித்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

திலகர் பர்மாவில் மாந்தளைச் சிறையில் வைக்கப்பட்டார். தீவாந்தரம் வெறுங்காவலாக மாற்றப்பட்டது. 1910-11 குளிர்காலத்தில் பென்ஸிலைக் கொண்டு கீதா ரகஸ்யத்தை எழுதி முடித்தார். 1912-ல் அவருடைய மனைவி சத்தியபாமா பாய் காலமானார். சிறையிலிருந்த கணவருக்குச் செய்திதான் வந்தது. 1914 ஜூனில் விடுதலையாகிப் பூனா வந்து சேர்ந்தார். அவர் இல்லாத காலத்தில் சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1908 டிசம்பரில் எந்தச் சங்கத்தையும் சட்டவிரோதமானதென்று பிரகடனம் செய்யும் அதிகாரத்தை எடுத்துக் கொண்டது. 1910-ல் பத்திரிகைகளிடம் ஜாமீன் தொகை பிடுங்கும் சட்டத்தையும் நிறைவேற்றியது.

1916-ல் ஹோம் ரூல் லீக்கை ஆரம்பித்துத் திலகர் பெல்காமிலும் அகமத் நகரிலும் பிரசங்கங்கள் செய்தார். அறுபதாவது ஆண்டு நிறைவு விழா பூனாவில் நடந்துகொண்டிருந்த சமயத்தில் போலீஸ் அதிகாரி ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தார். நன்னடத்தைக்காக இருபதினாயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீனும், பதினாயிரம் வீதம் இரண்டு பிறர் ஜாமீனும் கொடுக்க வேண்டுமென்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். 108-ஆம் பிரிவு அது. ஹைக்கோர்ட்டில் ஜின்னா வாதாடினார். பிரசங்கங்களை முழுவதுமாகப் படித்துப் பார்த்து, அரசாங்க முறையை மாற்ற வேண்டுமென்று கேட்பது துவேஷமாகாது என்று கண்டு, நவம்பர் 9-ஆம் தேதி நீதிபதிகள் பாச்சலரும் ஷாவும் உத்தரவை ரத்து செய்தனர். பத்தொன்பது வருஷப் போராட்டத்தில் கோர்ட்டில் கிடைத்த வெற்றி அது.

1920 ஆகஸ்டு மாதம் முதல் தேதி பம்பாயில் லோகமான்யர் உயிர் நீத்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை அன்றே தொடங்கியது. 1922 மார்ச்சில் ஆமதாபாத்தில் காந்தியடிகள் அதே 124-ஏ பிரிவின் கீழ் நின்றபோது, நீதிபதி புரூம்பீல்டு திலகர் வழக்கையே முன்மாதிரியாகக் கொண்டு ஆறு வருஷம் விதித்தார். 1908-ஆம் வருஷத்துச் சங்கத் தடைச் சட்டம் 1930-லும் 1932-லும் காங்கிரஸ் கமிட்டிகள் மீது பாய்ந்தது. ஒரு மனிதரை உத்தேசித்து விரிக்கப்பட்ட சட்டம் அவரோடு மாள்வதில்லை என்பதற்கு இவை சாட்சி.

வெள்ளையர் போனார்கள்; பிரிவு போகவில்லை. அரசியல் நிர்ணய சபையில், பேச்சுரிமைக்கு விலக்காக ராஜத்துவேஷம் என்ற சொல்லை வைக்கலாகாதென்று முன்ஷி வாதாடியதன் பேரில் அச்சொல் நீக்கப்பட்டது. ஆனால் தண்டனைச் சட்டத்தில் அது நிலைத்தது. 1908-ஆம் வருஷத்துச் சங்கத் தடைச் சட்டத்தைச் சென்னை சர்க்கார் 1950-ல் தானும் திருத்தி எடுத்துக்கொண்டது, 1952-ல் வி. ஜி. ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அத்திருத்தத்தைச் செல்லாதென்றது. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் அதே கோர்ட்டு, பலாத்காரத்தையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டும் சொற்களுக்கு மட்டும் 124-ஏ பொருந்துமென்று வரம்பு கட்டியது. இதற்கு மாறாக, 1973-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம், வாரண்டு இல்லாமலே கைது செய்யும் அதிகாரத்தை இக்குற்றத்திற்கும் போலீஸுக்குக் கொடுத்தது. பிரிட்டிஷார் காலத்தில்கூட இல்லாத அதிகாரம் இது. 2022 மே 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இப்பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய பீனல் கோடு மாறிப் பாரதிய நியாய சம்ஹிதை அமுலுக்கு வந்தது. ராஜத்துவேஷம் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் தேசத்தின் இறைமை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் செயலையும் சொல்லையும் தண்டிக்கும் 152-ஆம் பிரிவு இருக்கிறது. ஆயுள் தண்டனை, அல்லது ஏழு வருஷம் வரையில் சிறை என்பது அதன் அளவு. பழைய பிரிவில் ஆயுளுக்கு அடுத்த அளவு மூன்று வருஷமே.

தேசத்தைப் பிளப்பவனைத் தண்டிக்க வேண்டாமென்று எவரும் சொல்லார். நாமும் சொல்லவில்லை. நமது கேள்வி வேறு. குற்றமாக்கப்படுகிற செயல் எது? அதனால் கேடடைபவர் யார்? சாமானிய மனிதன் அச்செயலைச் செய்வதற்கு முன்பே, இது தகாதென்று அறிந்துகொள்ளச் சட்டத்தின் சொற்கள் இடந்தருகின்றனவா? இம்மூன்று கேள்விகளுக்கும் நேரான விடை கிடைக்குமானால் அச்சட்டம் கடுமையாயிருந்தாலும் நியாயமாயிருக்கலாம். பூல்மணிக்காகப் பிறந்த சட்டம் இந்தச் சோதனையில் தேறுகிறது. லோகமான்யரே எதிர்த்தபோதிலும் தேறுகிறது. அன்பின்மையைக் குற்றமாக்கிய சட்டம் தேறவில்லை. மகா பண்டிதர்களான நீதிபதிகள் ஆசனத்திலிருந்து விளக்கியபோதிலும் தேறவில்லை. சட்டம் செய்பவன் அந்நியனா நம்மவனா என்பது பெரிய விஷயந்தான். ஆனால் நம்மவன் கையிலும் தெளிவற்ற சொல் கூர்மையான கத்தியே.

தேச ஊழியத்தில் இறங்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. மசோதா ஒன்று சபைக்கு வரும்போது அதன் தலைப்பைக் கண்டு மயங்க வேண்டாம். அதை நிறைவேற்றுவது நம் கட்சியென்று மகிழவும் வேண்டாம். பிரிவைப் பிரித்து, சொல்லைச் சொல்லாக எடுத்துப் படியுங்கள். இன்று நம் எதிரி மீது பாயும் சொல் நாளை நம்மீது பாய்ந்தால் அதன் பொருள் என்னவாகும் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய காலம் மசோதாவின் காலம். கைவிலங்கு பூட்டிய பிறகு கேட்பதற்கு இருபத்தொரு மணி நேரமும் போதாது என்பதைத் திலகரின் வாழ்க்கை காட்டிவிட்டது.